பெயர் இல்லை என்று சொல்லும் முன்

ஜமுனாமரத்தூரில் இரண்டு நாளாக மழை. கரண்ட் இருக்கும் நேரமெல்லாம் பைத்தானோடு உட்கார்ந்திருக்கிறேன். பிள்ளையார் சுழி போட்டுக் கொடுத்தவன் பேரன்.

என்னிடம் உள்ள பழைய குறிப்பேடுகளிலிருந்து உங்கள் பெயரையும் படித்த ஆண்டையும் கணினியில் ஏற்றுகிறேன். பைத்தானில் 'டிக்ட்' என்று ஓர் அகராதி உண்டு. சதுர அடைப்புக்குறிக்குள் பெயரைக் கொடுத்தால் ஆண்டைச் சொல்லும். ஓர் எழுத்து மாறினாலும் 'கீ எரர்' என்று கையை விரித்துவிடும். நம் மலையிலோ லட்சுமி, இலட்சுமி, லெச்சுமி மூவரும் ஒருத்திதான்.

இதற்கு வழி இருக்கிறது. டிக்டிலிருந்து நமக்கென்று ஒரு 'க்ளாஸ்' உருவாக்கி, அதில் 'மிஸ்ஸிங்' என்ற ஃபங்ஷனை எழுதலாம். பெயருக்கு முன்னும் பின்னும் இரண்டிரண்டு அடிக்கோடு போட வேண்டும். தேடிய பெயர் கிடைக்காதபோது மட்டும் பைத்தான் அதைக் கூப்பிடும். எழுத்து வேறுபாட்டைச் சரிசெய்து மறுபடி தேடும்படி அதில் எழுதினேன். லெச்சுமி என்று கேட்டேன்; இலட்சுமி கிடைத்தாள்.

மறுநாள் அதே பெயரை 'கெட்' மூலம் கேட்டேன். 'நன்' என்றது. அதாவது, ஒன்றுமில்லை. பிழை என்றுகூடச் சொல்லவில்லை. அரை நாள் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகுதான் புரிந்தது. டிக்டின் கெட், மிஸ்ஸிங்கைக் கூப்பிடுவதே இல்லை. சதுர அடைப்புக்குறித் தேடலையே நாம் மாற்றி எழுதியிருந்தாலும் கண்டுகொள்ளாது. நேராக உள்ளே ஒரு பார்வை, இல்லையென்றால் இல்லை. கெட்டையும் நாமே எழுதி, அது நம் தேடலின் வழியாகவே போகும்படி செய்ய வேண்டும்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நானும் ஒருமுறை இந்தக் கெட் போலத்தான் நடந்துகொண்டேன். கையில் உதவித்தொகைப் பட்டியல். வரிசையில் நின்ற சிறுமியிடம், "லெச்சுமின்னு யாரும் இல்லம்மா, போ" என்றேன். இலட்சுமி என்று மேலேயே இருந்தது. 'இ'யில் நான் பார்க்கவில்லை. கவனித்தபோது கெடு முடிந்து பத்து நாள் ஆகியிருந்தது. மறு வருஷம் அவள் வரவில்லை. சாமைக் காட்டில் களையெடுக்கப் போகிறாள் என்றார்கள்.

நேற்று கெட்டை எழுதி முடித்தேன். நான்கே வரி. உங்கள் பெயரை வீட்டில் எப்படிக் கூப்பிடுவார்களோ அப்படியே எழுதி அனுப்புங்கள், சேர்த்துக்கொள்கிறேன். லெச்சுமியைத் தெரிந்தவர்கள் அவளிடம் சொல்லுங்கள்: பெயர் இருந்தது, வாத்தியார்தான் சரியாகப் பார்க்கவில்லை என்று.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்