வாதும் வாழ்வும்

திருப்பதி என்றதும் மலையும் கோவிந்த நாமமும் நினைவுக்கு வருதல் இயல்பு. அம்மலையின் அடிவாரத்தில் செருமானிய லுத்தரன் மிஷனரிமார் நடத்திய பள்ளி ஒன்று இருந்ததும், திருத்தணியில் பிறந்த ஓர் அந்தணச் சிறுவன் 1896 முதல் நான்கு ஆண்டுகள் அங்கே பாடங்கேட்டதும் நம்முள் பலர் அறியாதவை. அச்சிறுவனே பிற்காலத்தில் ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகத்தில் கீழைச் சமயங்களைக் கற்பித்து, 1962-இல் இந்தியக் குடியரசுத் தலைவராக உயர்ந்த சர்வபள்ளி இராதாகிருஷ்ணன். திருப்பதிக்குப் பின் வேலூர் ஊரீசுக் கல்லூரி, அதன் பின் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி என்று ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள் அவர் கிறிஸ்தவ ஆசிரியர்களின் கீழேயே பயின்றார்.

அவ்வாசிரியர்களுள் சிலர் இந்து சமயத்தின் மீது சுமத்திய குற்றங்கள் தம் உள்ளத்தைச் சுட்டன என்றும், அந்தச் சூடே வேதாந்தத்தைத் துருவி ஆராயுமாறு தம்மைத் தூண்டியது என்றும் இராதாகிருஷ்ணனே பின்னாளில் எழுதியிருக்கின்றார். வேதாந்தத்தில் ஒழுக்க நெறிக்கு இடமில்லை என்று வகுப்பறையில் வாதித்தார்கள். அதற்கு மறுப்பாக அவர் 1908-இல் எம்.ஏ. பட்டத்திற்கு ஓர் ஆய்வுரை எழுதினார். பன்னிரண்டு ஆண்டு வாதத்தின் பயன், இந்து சமயத்திற்கு உலகறிந்த ஒரு வழக்கறிஞர் கிடைத்ததுதான்! ஆனால் அவ்வரலாற்றில் நம்மை ஈர்ப்பது வேறொன்று. அவ்வாய்வுரை தம் பேராசிரியரான ஏ. ஜி. ஹாக் என்னும் ஸ்காட்லாந்து மிஷனரிக்குச் சினமூட்டும் என்று மாணவர் அஞ்சினார். ஹாக்கோ அதனைப் படித்து மகிழ்ந்து, மனமாரப் பாராட்டி நற்சான்று எழுதிக் கொடுத்தார். தம் சமயத்தாரின் கூற்றை மறுத்த மாணவனைப் பாராட்ட ஒருவருக்கு எத்துணைப் பெரிய மனம் வேண்டும்! வாதித்த மற்ற ஆசிரியர்களின் பெயர்களை இன்று தேடித்தான் எடுக்க வேண்டும். ஹாக்கின் பெயரோ இராதாகிருஷ்ணனின் வரலாற்றோடு சேர்ந்தே பேசப்படுகின்றது.

இத்தகைய வாதப் போர் தமிழ் மண்ணுக்குப் புதிதன்று. யாழ்ப்பாணத்தில் பெர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புக்குத் துணைநின்ற ஆறுமுக நாவலரே, மிஷனரிமாரின் கண்டனங்களைப் பொறாமல் 1854-இல் 'சைவ தூஷண பரிகாரம்' இயற்றினார். கண்டனத்திற்குக் கண்டனம், மறுப்புக்கு மறுப்பு என்று அக்காலத்து அச்சுக்கூடங்களுக்கு ஓய்வே இருந்திராது. தமிழ் உரைநடை அதனால் வளர்ந்தது என்பதை ஒப்புக்கொள்வோம். ஆயினும் அந்நூல்களைக் கண்டு ஒரு சைவர் கிறிஸ்துவை நேசித்தார் என்றோ, ஒரு கிறிஸ்தவர் சைவத்தை மதிக்கக் கற்றார் என்றோ நாம் கேள்விப்பட்டதில்லை.

இப்பழங்கதையை இங்கு எடுத்ததற்குக் காரணம் உண்டு. மத்திய அரசு அலுவலின் பொருட்டுத் திருநெல்வேலிச் சீமையை விட்டு வந்து, சித்தூரிலும் திருப்பதியிலுமாக இருபது ஆண்டுகள் வாழ்ந்துவரும் கிறிஸ்தவக் குடும்பம் நம்முடையது. மொழியால் இங்குச் சிறுபான்மை, சமயத்தாலும் சிறுபான்மை. சங்கத்து அன்பர்கள் தொல்காப்பியப் பாயிரத்தைக் காட்டி வேங்கடம் நமதே என்று வாதிடும்போது நாமும் உடனிருந்து கைதட்டியதுண்டு. அந்த வழக்கு 1960-இல் எல்லைகள் திருத்தப்பட்டபோதே முடிந்துவிட்டது என்பது வேறு செய்தி. அண்மையில் நம் சபையின் இளைஞர் சிலர் வீட்டுக்கு வந்தனர். நம் மூத்த மகனும் அவர்களுள் ஒருவன். கைப்பேசியில் கிறிஸ்தவர்களை இழித்துப் பேசும் உரைகள் நாள்தோறும் வருகின்றன என்றும், அவற்றுக்கெல்லாம் பதிலடியாக ஒரு சிறு நூல் அச்சிட வேண்டும் என்றும், அலுவலகத்தில் மனுவும் குறிப்பும் எழுதிப் பழகிய கை நம்முடையது ஆதலால் நாமே எழுதித் தரவேண்டும் என்றும் கேட்டனர். 2007-இல் ஆந்திர அரசு திருமலையில் பிற சமயப் பிரசாரத்தைத் தடை செய்ததையும் குறைகளின் பட்டியலில் சேர்த்திருந்தனர்.

எழுத இயலாது என்று சொல்லிவிட்டோம். திருமலைத் தடையைப் பற்றி நமக்கு வருத்தமும் இல்லை. ஒருவர் தம் தெய்வத்தை நாடி, தலைமுடியையும் காணிக்கையாக்க மனமொப்பி, கால் நோகப் படியேறிச் செல்லும் வழியில் குறுக்கே நின்று துண்டுத்தாள் நீட்டுவது பண்பாகாது. சட்டம் வராமலேயே நாம் அறிந்திருக்க வேண்டிய செய்தி அது. அவர்களுக்கு நாம் சொன்ன மறுமொழி இரண்டு வாக்கியங்களில் முடிந்துவிட்டது. அதன் விரிவைத்தான் இங்கு எழுதுகின்றோம்.

சித்தூரில் பணியாற்றிய நாள்களில் ஒருமுறை மதனப்பள்ளிக்குச் சென்றிருந்தோம். 2022-இல் மாவட்டங்கள் பிரிக்கப்படும் வரை அதுவும் சித்தூர் மாவட்டத்து ஊரே. ஜே. கிருஷ்ணமூர்த்தி பிறந்த ஊர் என்றும், 1919-இல் தாகூர் தங்கியிருந்து நாட்டுப்பண்ணை ஆங்கிலத்தில் பெயர்த்த ஊர் என்றும் அதற்குப் பெருமை சொல்வார்கள். நாம் காணச் சென்றது ஊருக்குச் சற்று அப்பால், பாறைக் குன்றுகளும் வறண்ட காற்றும் சூழ்ந்த ஆரோக்கியவரம்.

அந்நாளில் என்புருக்கி நோய் என்றால் குடும்பமே நடுங்கும். மருந்து கிடையாது, ஸ்ட்ரெப்டோமைசின் கண்டறியப்பட்டதே 1943-இல்தான். நல்ல காற்று, நல்ல உணவு, நீண்ட ஓய்வு, நுரையீரலின் புறத்தே காற்றைச் செலுத்தி அதனை ஒடுக்கி ஓய்வுதரும் சிகிச்சை ஆகியவையே மருத்துவர் கையில் இருந்த கருவிகள். நோய் வந்த வீட்டில் பெண் எடுக்கவும் மாட்டார்கள், கொடுக்கவும் மாட்டார்கள். இருமுகின்றவருக்குத் தனித் தட்டு, தனித் திண்ணை. பின்னர்த் தனித் தனிமை. இந்நோயாளர்க்கென 1912-இல் தோன்றியது ஆரோக்கியவரத்துக் காசநோய் மருத்துவ நிலையம். அதற்குத் தலைமை தாங்கி அதனை வளர்த்தவர் கிறிஸ்தியன் ஃப்ரிமோட்-மோலர் என்னும் டேனிஷ் மருத்துவர்.

அதனை நடத்தியது ஒரு மிஷன் அன்று. பல மிஷன்கள் கூடி நடத்தின. கிறிஸ்தவ சபைகளின் உட்பூசலை அறிந்தவர்களுக்கே இதன் அருமை விளங்கும். ஞானஸ்நானம் குழந்தைக்கா பெரியவர்க்கா, திருவிருந்தின் பொருள் யாது, ஆயர் யாருக்கு அடங்கியவர் என்று ஒரே வேதத்தை வைத்துக்கொண்டு நூற்றாண்டுக் கணக்கில் வழக்காடியவர்கள் நாம். அவ்வழக்கெல்லாம் தீர்ந்த பின்பா ஒன்று கூடினார்கள்? இல்லை, தீராமலே கூடினார்கள். கட்டிலில் இருமுகின்ற மனிதன் காத்திருக்க மாட்டான் அல்லவா?

பெயரையும் எண்ணிப் பார்க்கலாம். தமிழர் செவிக்கு ஆரோக்கியமாகிய வரம். தெலுங்கர் செவிக்கு அன்னவரம், பீமவரம் போல ஓர் ஊர். ஒரு புனிதரின் பெயரையோ, பணம் கொடுத்தவரின் பெயரையோ ஊருக்குச் சூட்டவில்லை. வந்தவன் எதை நாடி வந்தானோ அதனையே பெயராக வைத்தார்கள்.

தந்தைக்குப் பின் மகன் யோஹான்னஸ் ஃப்ரிமோட்-மோலரும் அங்கேயே பணியாற்றினார். நோயாளி தேடி வரட்டும் என்று காத்திராமல், மருத்துவக் குழுவினர் மதனப்பள்ளி நகரிலும் சுற்றுச் சிற்றூர்களிலும் வீடு தேடிச் சென்று மக்களைச் சோதித்தனர். இந்தியாவில் பி.சி.ஜி. தடுப்பூசி இயக்கம் 1948-இல் தொடங்கியபோது முதலில் களமான இடங்களுள் மதனப்பள்ளியும் ஒன்று. நம் தோளில் இருக்கும் அந்தச் சிறு தழும்புக்கும் அவ்வூருக்கும் ஓர் உறவுண்டு.

பிறகு நடந்தது இன்னும் வியப்பானது. 1950-களின் பிற்பகுதியில் சென்னையில் ஓர் ஆய்வு நடத்தினர். நோயாளிகளுள் ஒரு பகுதியினரை மருத்துவ நிலையத்தில் படுக்க வைத்தும், மற்றொரு பகுதியினரை நெரிசலும் வறுமையும் மிக்க அவரவர் வீட்டிலேயே இருத்தியும் ஒரே மருந்துகளைக் கொடுத்தனர். 1959-இல் முடிவு வெளிவந்தது. வீட்டிலிருந்தோரும் ஏறக்குறைய அதே அளவில் குணமடைந்திருந்தனர். மலைக்காற்றும் நீண்ட ஓய்வும் இன்றியமையாதன அல்ல என்றாகிவிட்டது. ஆரோக்கியவரம் போன்ற நிலையங்கள் எதற்காக எழுந்தனவோ, அத்தேவையே குறைந்துவிட்டது. வேறு ஒருவராயின் தம் பெருமையைக் காக்க மறுப்பு நூல் எழுதியிருப்பார். ஆரோக்கியவரமோ காலப்போக்கில் எல்லா நோய்க்கும் மருந்து தரும் பொது மருத்துவமனையாகித் தன் வேலையைப் பார்க்கத் தொடங்கியது.

வேலூரைப் பற்றி விரித்துரைக்க வேண்டியதில்லை. காட்பாடிக்கு வண்டியேறாத குடும்பம் நம் சங்கத்தில் ஏது? ஐடா ஸ்கட்டரின் கதையும் எல்லாரும் அறிந்ததே. அங்குப் பணிபுரிந்த மேரி வர்கீஸ் அம்மையாரைப் பற்றி மட்டும் ஒரு சொல். 1954-இல் நேர்ந்த விபத்தில் அவ்விளம் மருத்துவருக்கு இடுப்புக்குக் கீழே உணர்வற்றுப் போயிற்று. சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளரின் மடங்கிய விரல்களுக்கு அறுவை செய்தார். பின்னர், உடல் முடங்கியோர் மீண்டும் வாழப் பயிற்றும் துறையை அங்கு வளர்த்தார். துன்பத்தைக் கடவுள் ஏன் அனுமதிக்கின்றார் என்று இறையியலார் எழுதிய நூல்கள் அலமாரி கொள்ளாதவை. அவற்றுள் சிலவற்றை நாமும் புரட்டியிருக்கின்றோம். அந்த நாற்காலியைக் காட்டிலும் தெளிவான விடையை அவற்றில் கண்டோமில்லை.

இளைஞர்கள் விடவில்லை. ஆஸ்பத்திரியும் பள்ளியும் மதம் மாற்ற வைத்த தூண்டில்தானே என்று பிறர் கேட்டால் என்ன சொல்வது என்றனர். அக்கேள்வியில் உண்மையே இல்லை என்று நாம் சொல்ல மாட்டோம். மருந்துச் சீட்டோடு ஞானஸ்நானக் கணக்கையும் எண்ணிக்கொண்டிருந்த மிஷனரிகளும் இருந்தார்கள். ஊருக்கு அனுப்பிய அறிக்கைகளில் அவர்களே அதைப் பெருமையாக எழுதினார்கள். அந்தக் குற்றச்சாட்டுக்கு நூலால் விடை சொல்ல இயலாது. எதையும் எதிர்பாராத ஒருவனைக் கண்டால் மட்டுமே கேட்பவருக்கு ஐயம் தீரும். அப்போதும் தீராமற் போகலாம்.

அடிமை போல் வாய்மூடி இருக்கச் சொல்கின்றீர்களா என்று ஒருவன் கேட்டான். சரியான கேள்வி. ஆலயம் தாக்கப்பட்டால் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும், உரிமை பறிக்கப்பட்டால் நீதிமன்றம் செல்ல வேண்டும். அவ்வகை மனுவை நள்ளிரவில் கேட்டாலும் எழுதித் தருவோம். நியாயம் கேட்பது வேறு, எதிரியைத் தலைகுனிய வைப்பது வேறு. மேலும், கிறிஸ்துவுக்குள் எல்லாரும் ஒன்று என்று நூலில் அச்சிடுவோமாயின், திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் சாதிக்கொரு பக்கமாகச் சுவர் எழுப்பியது யார் என்று படிப்பவர் கேட்க மாட்டாரா? செத்தவர்களைக் கூட ஒன்றாக உறங்க விடாத நாம், உயிரோடு இருப்பவர்களுடன் சமத்துவத்தைப் பற்றி எந்த முகத்தோடு வாதிடுவது? முதலில் அந்தச் சுவர்களோடு வாதிடுவோம் என்றோம். யாரும் பேசவில்லை. நம் சபையிலும் யார் வீட்டில் யார் பெண் எடுப்பது என்பது அவர்கள் அறியாததன்று.

யோவான் எழுதிய சுவிசேஷத்தின் 13-ஆம் அதிகாரத்தில், ஆண்டவர் இடையில் துண்டைக் கட்டிக்கொண்டு சீடர்களின் கால்களைக் கழுவுகின்றார். அன்றிரவே தம்மைக் காட்டிக்கொடுக்கப் போகின்றவனின் கால்களும் அவற்றுள் உண்டு. திருக்குறளின் 13-ஆம் அதிகாரம் அடக்கமுடைமை. எண் ஒத்துவந்தது தற்செயல்தான். ஆயினும் தமிழ்க் கிறிஸ்தவனுக்கு இத்தற்செயல் மிகவும் இனிக்கின்றது.

நூல் இன்னும் அச்சேறவில்லை. கைவிட்டார்களா, ஒத்திவைத்தார்களா என்று கேட்கவுமில்லை. ஆனால் இளைஞருள் நால்வர் சனிக்கிழமைகளில் ரூயா அரசு மருத்துவமனைக்குச் செல்லத் தொடங்கியிருக்கின்றனர். எல்லைக்கு அப்பாலிருந்து வரும் தமிழ் நோயாளிகள் தெலுங்கு தெரியாமல் எந்த வரிசையில் நிற்பது என்று தவிப்பார்கள். அவர்களுக்குச் சீட்டு எழுதிக் கொடுப்பது, மருத்துவர் சொன்னதைத் தமிழில் சொல்வது, இவ்வளவுதான் வேலை. எந்தச் சபை என்று எவரும் கேட்பதில்லை; இவர்களும் சொல்வதில்லை.

சென்ற மாதம் நம் மகன் ஒரு பொட்டலத்தோடு வீடு திரும்பினான். கணவருக்கு உடம்பு தேறிய ஒரு திருத்தணி மூதாட்டி, மலைக்குப் போய் வேண்டுதலை முடித்துத் திரும்புகையில் அவனைத் தேடிவந்து கொடுத்த லட்டு. "தம்பி, உங்க அம்மாகிட்ட குடுப்பா" என்றாராம். படைத்ததை உண்ணலாமா என்று கொரிந்து சபையார் பவுலிடம் கேட்ட கேள்வியை அவன் கூடத்தில் நின்று நம்மிடம் கேட்டான். நாம் வேதாகமத்தை எடுத்துப் பக்கத்தைத் தேடிக்கொண்டிருந்தோம். அவன் தாயார் அதற்குள் அடுக்களையிலிருந்து தட்டைக் கொண்டுவந்து, லட்டை நான்காகப் பகுத்து, "அந்தம்மா வீட்டுக்காரருக்கு இப்ப எப்படிடா இருக்கு?" என்று கேட்டபடி அவன் கையில் ஒரு பங்கை வைத்தாள்.