கப்பல் என்ஜினும் லாக் புக்கும்



நம்ம துறைமுகத்திலிருந்து அந்தமான் 1,300 கிலோமீட்டருக்கு மேல். கப்பலில் ஏறக்குறைய மூன்று நாள். பஸ் நின்னுட்டா இறங்கி வேறு பஸ் பிடிக்கலாம். நடுக்கடல்ல என்ஜின் ரூம் தீப்பிடிச்சா எங்கே இறங்குறது? சென்னை-சிங்கப்பூர் வழியில் ஓடிய எம்.வி. சிதம்பரம் கப்பலில் 1985-ல் ஏற்பட்ட தீ பல உயிர்களைக் குடித்தது. கப்பலில் தீ என்றால் என்ன என்பதை நம் ஊர் அன்றே பார்த்துவிட்டது.

டீசல் என்ஜினில் தீ வர இரண்டு வழிகள் முக்கியம். முதலாவது, ஹை பிரஷர் ஃப்யூயல் பைப். அதில் விரிசல் விட்டால் எண்ணெய் பீய்ச்சியடித்துச் சூடான எக்ஸாஸ்ட் மேல் விழும். அதனால்தான் அந்தப் பைப்புக்கு மேல் இன்னொரு உறை போட வேண்டும், 220 டிகிரிக்கு மேல் சூடாகும் இடங்களை மூடி லேகிங் சுற்ற வேண்டும் என்கிறது சோலாஸ் என்ற சர்வதேச விதி.

இரண்டாவது, கிராங்க் கேஸ். பேரிங்கோ பிஸ்டனோ அளவுக்கு மீறிச் சூடானால் ஆயில் ஆவியாகி, பிறகு குளிர்ந்து, மார்கழிப் பனி மாதிரி உள்ளே மூடிக்கொள்ளும். அந்தச் சூடே அதைப் பற்ற வைத்துவிடும். 1947 செப்டம்பரில் 'ரெய்னா டெல் பசிபிகோ' என்ற பயணிகள் கப்பல், ரிப்பேர் முடிந்து பெல்ஃபாஸ்ட் அருகே சோதனை ஓட்டத்தில் இருந்தது. ஒரு பிஸ்டன் சூடேறியதில் ஆரம்பித்து நாலு என்ஜினும் வெடித்தன. 28 பேர் இறந்தார்கள். இன்றைக்குப் பெரிய என்ஜின்களில் ரிலீஃப் வால்வும் ஆயில் மிஸ்ட் டிடெக்டரும் இருப்பதற்கு இப்படிப்பட்ட சாவுகள்தான் காரணம். அலாரம் அடித்தால் என்ஜினை நிறுத்தலாம். ஆனால் கதவை உடனே திறக்கக் கூடாது. குறைந்தது 20 நிமிஷமாவது ஆற விட வேண்டும். காற்று உள்ளே போனால் வெடித்துவிடும்.

பயணிகள் கப்பலுக்கான பாதுகாப்புச் சான்றிதழ் அதிகபட்சம் 12 மாதம்தான் செல்லும். ஒவ்வொரு முறையும் சர்வேயர் வந்து சோதிப்பார். மற்ற நாளெல்லாம் வாட்ச்சில் நிற்பவன்தான் சர்வேயர்.

எங்கப்பா காசிமேட்டில் போட் மெக்கானிக். ஸ்குரு டிரைவர் முனையை என்ஜினில் வைத்து, பிடியைக் காதில் வைத்து, பேரிங் சத்தம் கேட்பார். எழுதப் படிக்கத் தெரியாது. அதனால் பார்க்காததைப் பார்த்ததாக எழுதவும் அவரால் முடியாது. நமக்கு எழுதத் தெரியும். நேற்றைய ரீடிங்கையே இன்றைக்கும் எழுதிவிட்டு டீ குடிக்கப் போகவும் முடியும். ஆபத்து அங்கேதான் இருக்கு.

நம்மில் சிலர் நாளைக்குக் கப்பல் வேலைக்குப் போவோம். மீட்டரைப் பார்த்த பிறகே பேனாவை எடுப்போம்!