டிரைவர் மகன்

முதலாளி வீட்டுப் பையனின் பழைய சட்டைகளைப் போட்டுக்கொண்டுதான் நான் பத்தாம் வகுப்புவரை படித்தேன். அவன் என்னைவிட ஒரு வயது மூத்தவன். தீபாவளி முடிந்த மறுவாரம் ஒரு துணிப்பை வரும். அப்பா அதைக் காரின் பின்சீட்டில் வைத்துக் கொண்டுவருவார். நல்ல துணி, தையல்கூடப் பிரிந்திருக்காது. காலரின் உட்புறம் மட்டும் அந்த வீட்டுச் சலவைக் குறி கறுப்பு மையில் இருக்கும். அம்மா எத்தனை தடவை துவைத்தாலும் அது போகாது. கோயம்புத்தூரில் ஒரு மில் முதலாளியின் வீட்டில் அப்பா 31 வருஷம் கார் ஓட்டினார். விடுமுறை நாட்களில் நானும் கூடப் போவேன். அவர்கள் வீட்டுத் தோட்டத்தில் நானும் அந்தப் பையனும் போலீஸ் திருடன் விளையாடுவோம்.

அகிரா குரோசாவாவின் 'ஹை அண்ட் லோ' படத்தை முதன்முறை ஒரு திரைப்படச் சங்கத்தில் பார்த்தபோது, தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே நான் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டேன். மற்றவர்கள் படத்தின் விறுவிறுப்புக்காக அப்படி உட்கார்ந்திருப்பார்கள். எனக்குக் காரணம் அந்தக் காலர் குறி. படத்திலும் இரண்டு சிறுவர்கள் விளையாடுகிறார்கள். ஒருவன் முதலாளி மகன், இன்னொருவன் டிரைவர் மகன். கௌபாய் விளையாட்டு. நடுவில் உடுப்பை மாற்றிக்கொள்கிறார்கள். சற்று நேரத்தில் தொலைபேசி மணி அடிக்கிறது. உன் மகனைக் கடத்திவிட்டேன், 3 கோடி யென் கொடு என்கிறது ஒரு குரல். அதே நேரம் முதலாளியின் மகன் சிரித்துக்கொண்டே அறைக்குள் வருகிறான். கடத்தியவன் தூக்கிப்போனது டிரைவரின் பிள்ளையை.

1963-இல் வந்த ஜப்பானியப் படம் இது. ஜப்பானியத் தலைப்பின் பொருள் சொர்க்கமும் நரகமும். அமெரிக்கத் துப்பறியும் எழுத்தாளர் எட் மெக்பெயினின் 'கிங்ஸ் ரேன்சம்' நாவலிலிருந்து முடிச்சை எடுத்துக்கொண்டு, அதை யோகோஹாமா துறைமுக நகரத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தினார் குரோசாவா. குன்றின்மேல் குளிர்சாதனம் வைத்த கண்ணாடி வீடு. கீழே தகரமும் பலகையுமாக நெருக்கியடித்த குடியிருப்புகள். மேலே இருக்கும் கொந்தோ, ஒரு காலணி நிறுவனத்தின் நிர்வாகிகளில் ஒருவர். பதினாறு வயதில் செருப்புத் தைக்கும் தொழிலாளியாகச் சேர்ந்து மேலே வந்தவர். நிறுவனத்தைத் தன் கைக்குள் கொண்டுவர வீடு வாசல் உட்பட எல்லாவற்றையும் அடகு வைத்து, 5 கோடி யெனுக்கான காசோலையைத் தயாராக வைத்திருக்கும் இரவில்தான் அந்த அழைப்பு வருகிறது. தன் மகன் என்று நினைத்த நிமிடத்தில், எவ்வளவானாலும் கொடுக்கிறேன் என்கிறார். டிரைவர் மகன் என்று தெரிந்ததும் அறை அமைதியாகிறது. கடத்தியவனுக்கும் ஆள் மாறியது தெரிந்துவிடுகிறது. அப்போதும் அவன் தொகையைக் குறைக்கவில்லை. உன் மகனோ இல்லையோ, நீதான் கொடுக்க வேண்டும் என்கிறான்.

ஏறக்குறைய ஒரு மணிநேரம் அந்த ஒரே வரவேற்பறையில் படம் நடக்கிறது. தோஷிரோ மிஃபுனே கொந்தோவாக நடித்திருக்கிறார். அவரைப் பற்றி எழுதியவர்கள் நிறையப் பேர். நான் பார்த்துக்கொண்டிருந்தது டிரைவர் அயோகியை. பெரும்பாலும் அவர் சட்டகத்தின் ஓரத்தில் நிற்கிறார். எல்லோரும் பேசி முடித்த பிறகு, யார் முகத்தையும் பார்க்காமல், தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறார். ஒரு கட்டத்தில் தரையில் விழுந்து முதலாளியிடம் கெஞ்சுகிறார்.

ஓய்வுபெற்று வெகுநாள் கழித்து அப்பாவை உட்காரவைத்து இந்தப் படத்தைக் காட்டினேன். அவருக்கு அப்போது 74 வயது. கீழே ஓடும் எழுத்துகளை நான் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். அயோகி கெஞ்சியபோது அப்பா ஒன்றும் சொல்லவில்லை. பெற்றவன் கெஞ்சத்தான் செய்வான் என்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் காலை அயோகி வந்து, பணம் கொடுக்க வேண்டாம், என் பையன் கெட்டிக்காரன், எப்படியாவது தப்பித்துவிடுவான் என்று முதலாளியிடம் சொல்லும் இடம் வந்தது. அப்பா கையைக் காட்டிப் படத்தை நிறுத்தச் சொன்னார். எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார். வந்து உட்கார்ந்து, "நானாயிருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன் கண்ணு" என்றார்.

அந்த வாக்கியத்தை நான் அப்படியே விட்டுவிட்டேன். என் தங்கை கேட்டிருந்தால் அழுதிருப்பாள். எனக்கு அழுகை வரவில்லை. அப்பா சம்பளம் வாங்கிய 31 வருஷமும் வேறு மாதிரி தெரியத் தொடங்கியது.

கொந்தோ கடைசியில் பணத்தைக் கொடுக்கச் சம்மதிக்கிறார். கொடுத்தால் அவர் தெருவுக்கு வந்துவிடுவார், அது அவருக்குத் தெரியும். பணப் பைகளில் இரண்டு சிறு குப்பிகளைப் போலீஸ் ஒளித்துவைக்க வேண்டும். ஒன்று தண்ணீர் பட்டால் நாறும், இன்னொன்று நெருப்பில் இட்டால் இளஞ்சிவப்புப் புகை விடும். கொந்தோ தன் பழைய கருவிப் பெட்டியைக் கொண்டுவரச் சொல்லி, தரையில் உட்கார்ந்து, தானே அந்தப் பைகளைத் தைக்கிறார். துப்பறியும் அதிகாரி தோகுரா சற்றுத் தள்ளி நின்று பார்க்கிறார். படத்தில் எனக்கு மிகப் பிடித்த இடம் இது. தன் சொத்தையெல்லாம் தூக்கிக் கொடுக்கப்போகும் மனிதர், கடைசியாக, தான் முதலில் கற்ற தொழிலைச் செய்கிறார்.

பிறகு ரயில். பணத்தை ஓடும் வண்டியிலிருந்து வெளியே எறிய வேண்டும். தோகைதோ பாதையில் ஓடும் கொடாமா விரைவு ரயிலிலேயே பல கேமராக்களை ஒரே சமயத்தில் ஓடவிட்டுப் படம்பிடித்திருக்கிறார்கள். கழிவறை ஜன்னல் திறப்பது 7 சென்டிமீட்டர் அளவுக்குத்தான். அதனால்தான் 7 சென்டிமீட்டர் கனமுள்ள பைகளைக் கேட்டிருக்கிறான் கடத்தியவன். ஆற்றுப் பாலத்தருகே பையன் தெரிகிறான், பைகள் விழுகின்றன, ரயில் நிற்காமல் போகிறது. பையன் கிடைக்கிறான். அவனை ஓடிப்போய்க் கட்டிக்கொள்பவர் கொந்தோ. அதைப் பார்த்துக்கொண்டு நிற்கும் போலீஸ்காரர்களின் முகங்கள் மாறுகின்றன. அதன் பிறகு அவர்கள் தேடுவது சம்பளத்துக்காக அல்ல.

படத்தின் இரண்டாம் பாதி முழுக்கத் தேடல். துப்பறியும் கதைகளில் ஒரு மேதாவி உட்கார்ந்த இடத்திலிருந்தே எல்லாவற்றையும் கண்டுபிடிப்பான். இங்கே அப்படி ஒருவரும் கிடையாது. புழுக்கமான ஒரு அறையில் முப்பது நாற்பது பேர் சட்டை நனைய உட்கார்ந்திருக்கிறார்கள். ஒவ்வொருவராக எழுந்து, தான் அன்று அலைந்ததைச் சொல்லிவிட்டு உட்காருகிறார்கள். இந்தத் தெருவில் இத்தனை தொலைபேசிக் கூண்டுகள், கொந்தோவின் அறைக்குள் என்ன நடக்கிறது என்பது அவற்றில் எதிலிருந்து தெரியும் என்று ஒருவர். திருட்டுக் காரின் மேல் இருந்த கறையைப் பற்றி இன்னொருவர். ஒலிப்பதிவில் பின்னணியில் கேட்கும் ரயில் சத்தத்தை ஒரு ரயில்வே ஊழியரிடம் போட்டுக் காட்டுகிறார்கள். அவர் காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, இது எனோஷிமா பக்கம் ஓடும் வண்டி என்கிறார். வேலை தெரிந்த ஒருவரின் காது.

அதே நாட்களில் அயோகி தனியாக இன்னொரு தேடலை நடத்துகிறார். மீட்டுவந்த மகனைக் காரில் ஏற்றிக்கொண்டு, எங்கே அடைத்துவைத்தார்கள், என்ன பார்த்தாய், யோசித்துப் பார் என்று கடற்கரைச் சாலையெல்லாம் சுற்றுகிறார். பிள்ளையை அதட்டுகிறார். முதலில் பார்த்தபோது இந்த மனிதர்மேல் எனக்குக் கோபம் வந்தது. பயந்துபோன குழந்தையை இப்படியா வதைப்பது? அப்பாவுக்குக் கோபம் வரவில்லை. "அந்தக் கடனை அவன் எங்க போய்க் கட்டுவான்?" என்று மட்டும் கேட்டார். ஒரு மனிதர் உன் பிள்ளைக்காகத் தன் வாழ்க்கையையே கொடுத்துவிட்டார். அவருக்குத் திருப்பித் தர அயோகியிடம் ஒரு காரும் ஒரு பையனின் ஞாபகமும்தான் இருக்கின்றன. போலீசும் அயோகியும் வேறு வேறு வழியில் போய் ஒரே வீட்டின் முன்னால் சந்தித்துக்கொள்கிறார்கள். உள்ளே கடத்தியவனின் கூட்டாளிகள் இரண்டு பேர் செத்துக்கிடக்கிறார்கள். அளவுக்கு மீறித் தூய ஹெராயினைக் கொடுத்துத் தீர்த்திருக்கிறான்.

பணப் பை நெருப்பில் எரிகிறது. கறுப்பு வெள்ளைப் படத்தில் அந்த ஒரு புகை மட்டும் இளஞ்சிவப்பாக வானத்தில் ஏறுகிறது. கடத்தியவன் யார் என்று தெரிந்துவிடுகிறது. தாகெயுச்சி, மருத்துவமனையில் பயிற்சி மருத்துவன், குன்றின் அடிவாரத்தில் ஒரு சிறு அறையில் வசிப்பவன். அப்போதே கைது செய்திருக்கலாம். தோகுரா செய்யவில்லை. கடத்தலுக்கு அதிகபட்சம் 15 வருஷம்தான் கிடைக்கும், கொந்தோ இழந்ததற்கு அது போதாது என்கிறார். அந்த இரண்டு கொலைகளை அவன்மேல் நிறுவ வேண்டும். அதனால் அவனை வெளியே விட்டு, பின்னாலேயே போகிறார்கள்.

சட்டத்தைப் பற்றிய இந்தக் கோபம் குரோசாவாவின் சொந்தக் கோபம். படம் வெளிவந்த அதே மாதக் கடைசியில், 1963 மார்ச் 31 அன்று, தோக்கியோவில் நான்கு வயதுச் சிறுவன் ஒருவன் பூங்காவிலிருந்து கடத்தப்பட்டான். 5 லட்சம் யென் கேட்டார்கள். தாய் பணத்தை வைத்த இடத்துக்குப் போலீஸ் சில நிமிடங்கள் பிந்திப் போனது. நோட்டுகளின் எண்களைக்கூடக் குறித்து வைக்கவில்லை. கடத்தியவனின் குரல் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் ஒலிபரப்பானது. இரண்டு வருஷம் கழித்து, ஹிராட்சுகா ஹாச்சிபெய் என்ற அதிகாரி, முன்பே சந்தேகத்தில் விசாரிக்கப்பட்ட ஒருவனை மறுபடி விசாரித்தார். அந்த நாட்களில் நான் ஊரில் இருந்தேன் என்று சாதித்தவன், தோக்கியோவின் நிப்போரியில் அப்போது நடந்த பெரிய தீவிபத்தைத் தான் ரயிலிலிருந்து பார்த்ததாக வாய்தவறிச் சொல்லிவிட்டான். அதில் எல்லாம் உடைந்தது. சிறுவனை அவன் கடத்திய அன்றே கொன்றிருந்தான். குரோசாவா படத்தின் முன்னோட்டத்தைப் பார்த்துத்தான் அந்த எண்ணம் வந்தது என்று வாக்குமூலம் கொடுத்தான். பணத்துக்காக ஆளைக் கடத்துவதைத் தனிக் குற்றமாக்கி, ஆயுள் தண்டனை வரை கொடுக்க வழிசெய்து 1964-இல் ஜப்பான் சட்டத்தைத் திருத்தியது. குழந்தைக் கடத்தலுக்குத் தண்டனை போதாது என்று கதறிய படம் ஒரு குழந்தையின் சாவோடு சேர்த்துப் பேசப்படும்படி ஆகிவிட்டதே என்று இப்போது நினைத்தாலும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

படத்துக்குத் திரும்புகிறேன். தாகெயுச்சி கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு இரவு நகரத்தில் நடக்கிறான், போலீஸ் பின்தொடர்கிறது. ஒரு கேளிக்கை விடுதியில் ஹெராயின் வாங்குகிறான். அதைச் சோதித்துப் பார்க்க, போதைக்கு அடிமையானவர்கள் சுவரோடு சுவராகச் சரிந்து கிடக்கும் ஒரு சந்துக்குப் போகிறான். அங்கிருந்து ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுத்து, ஒரு மட்டமான விடுதி அறைக்குக் கூட்டிப்போகிறான். அவன் வெளியே வரும்போது அவள் செத்துவிட்டிருக்கிறாள். படம் அவனோடு நகர்ந்துவிடுகிறது. கடற்கரை வீடு, கைது, மரண தண்டனை, சிறையின் கண்ணாடித் தடுப்புக்கு இருபுறமும் கொந்தோவும் அவனும்.

மூன்று முறை பார்த்தும் அந்தப் பெண்ணை நான் கவனிக்கவில்லை. துரத்தலின் வேகத்தில் அவள் ஒரு தடயமாக மட்டுமே எனக்குத் தெரிந்தாள். இத்தனைக்கும் டிரைவர் மகன் உயிரும் முதலாளி மகன் உயிரும் ஒன்றா என்று முதல் பாதி முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தவன் நான். தோகுரா நல்லவர். அவரை நான் இன்றும் மதிக்கிறேன். ஆனால் அன்று மாலையே அவர் அவனுக்கு விலங்கு மாட்டியிருந்தால் அந்தப் பெண் மறுநாள் உயிரோடு இருந்திருப்பாள். அவளுக்காக அழ ஒரு கொந்தோ இல்லை, தரையில் விழுந்து கெஞ்ச ஒரு அயோகி இல்லை. குரோசாவா இதைத் தெரிந்தேதான் வைத்தார் என்று நம்புகிறேன். அந்தச் சந்தின் முகங்களை அவ்வளவு நேரம் காட்டியவர் தெரியாமல் செய்திருக்க மாட்டார். ஆனால் அந்தப் பெண்ணின் சாவில் படம் நிற்பதில்லை.

படம் முடிந்ததும் அப்பா கொந்தோவைப் பற்றிக் கேட்பார் என்று நினைத்தேன். வீடு ஏலத்துக்குப் போனதே, அதற்குப் பிறகு என்ன ஆனார், சின்னதாக ஒரு காலணிப் பட்டறை நடத்துகிறாரே, பிழைத்துக்கொள்வாரா என்று. முதலாளிகளின் ஏற்ற இறக்கத்தை அருகிலிருந்து பார்த்தவர் அவர். அவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்துக்கொண்டே, "அந்தப் பொண்ணை எடுத்துப் பொதைக்க யாராச்சும் வந்தாங்களா?" என்று கேட்டார்.

நான் படத்தைப் பின்னால் ஓட்டித் தேடினேன்.