முப்பது அம்பியர்

வாப்பாவுக்கு 2021இல் பாரிசவாதம் வந்து வலது காலின் பலம் போய்விட்டது. பேச்சும் கையும் தப்பின, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் எங்கள் டபிள் கெப்பில் ஏறுவது மட்டும் முடியாமற் போயிற்று. 1991ஆம் ஆண்டு ஹைலக்ஸ் அது. நெல்மூடை, உரம், வெட்டுக்காரர் என்று வாப்பா அதில் ஏற்றாதது எதுவுமில்லை. அதன் முன்சீட்டைப் பின்னுக்குத் தள்ளுவதென்றால் அடியிலுள்ள கம்பியை இழுத்துப் பிடித்துக்கொண்டு காலை ஊன்றி உந்த வேண்டும். அந்தக் கால்தான் இல்லையே.

வேறு வாகனம் வாங்குவதும் நடக்கிற காரியமாக இருக்கவில்லை. 2020 மார்ச்சில் நிறுத்திய இறக்குமதி 2025இல்தான் மீண்டும் திறந்தது. இடையில் பழசுகளின் விலையைக் கேட்கவே எங்களைப் போன்றவர்களுக்குத் தைரியம் வரவில்லை.

நான் வாகனங்களுக்கு வயர் இழுக்கிற தொழில்காரன், எழுத்தெல்லாம் இராவில்தான். கொழும்பு பஞ்சிகாவத்தைக்குப் போய், ஜப்பான் கார் ஒன்றிலிருந்து கழற்றிய மின்சீட் ஒன்றை வாங்கி வந்தேன். அதற்குள் இரண்டு மோட்டார்கள். ஒன்று முன்னும் பின்னும் நகர்த்தும், மற்றது சாய்மானத்தை எழுப்பும். மோட்டார் ஒன்றுக்கு இரண்டே வயர்கள்தாம். மின்சாரம் ஒரு பக்கத்தால் போனால் முன்னுக்குப் போகும், மறுபக்கத்தால் போனால் பின்னுக்கு வரும். இந்தத் திசைமாற்றத்தை ஸ்விச்சே பார்த்துக்கொள்ளும். நாம் கொடுக்க வேண்டியது பெட்டரியிலிருந்து ஒரு தடித்த வயரும், பொடிக்கு ஓர் எர்த்தும் மட்டுமே. மஞ்சள் நிறப் பிளக் ஒன்றும் தொங்கியது. அது பக்கவாட்டு எயார்பேக்கினுடையது. அதிலே டெஸ்ட் லாம்பை வைத்துப் பார்ப்பது வெடிமருந்தோடு விளையாடுவதற்குச் சமம். அதைத் தொடவில்லை.

ரயிலின் துளைகள் கெப்பின் தரையோடு பொருந்தவில்லை. எங்கிள் இரும்பு வெட்டிப் பட்டம் அடித்துப் பொருத்த இரண்டு நாள் போயிற்று. மூன்றாம் நாள் அஸருக்குப் பிறகு வயர் வேலைக்கு வந்தபோது எனக்கு அலுப்பு. கதவைத் திறந்ததும் சாவி போடாமலே சீட் பின்னுக்கு வர வேண்டும், அப்போதுதான் வாப்பா உட்கார்ந்து திரும்பலாம். ஆகவே எந்நேரமும் மின்சாரம் இருக்கிற வயர் ஒன்று தேவை. பெட்டரியிலிருந்து புது வயர் இழுக்காமல், ஹோர்னுக்குப் போகும் மெல்லிய வயரில் முடிந்துவிட்டேன். வேறொரு பையன் என் கராஜில் இப்படிச் செய்திருந்தால் அன்றே வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்.

சீட் வேலை செய்தது. வாப்பா சின்னப்பிள்ளை போலச் சிரித்தார். கடைசிவரை போய் முட்டிய பின்னும் விரலை எடுக்காமல் அமத்திக்கொண்டே இருந்தார். முட்டி நிற்கிற மோட்டார் ஓடுகிற மோட்டாரைவிடப் பல மடங்கு மின்சாரம் இழுக்கும். 15 அம்பியர் பியூஸ் எரிந்தது. நான் 30 போட்டேன்.

இரண்டு கிழமைக்குப் பிறகு, அறுவடை பார்க்க வேண்டுமென்றார். சாகாமத்துப் பக்கம், இருபுறமும் வயல், ஆள் நடமாட்டமில்லாத ரோட்டு.

“என்ன மகன், ரப்பர் எரியிறாப்போல மணக்கிது?”

நான் பார்ப்பதற்குள் அவர் தொடைக்குக் கீழிருந்து புகை வந்தது. சாவியை அணைத்தேன். புகை நிற்கவில்லை. எப்படி நிற்கும்? சாவியில்லாமலும் மின்சாரம் வரட்டும் என்று கொடுத்தவனே நான்தானே. வாப்பாவைத் தூக்குவதா, பெட்டரியைக் கழற்றுவதா? அவர் கதவைத் திறந்துவிட்டார், ஆனால் இறங்க முடியாமல் கைப்பிடியைப் பிடித்தபடி கலிமா சொல்லிக்கொண்டிருந்தார். நான் பொனட்டுக்கு ஓடினேன். பத்தாம் நம்பர் ஸ்பேனர் கைக்கு அகப்பட எவ்வளவு நேரம் எடுத்ததென்று தெரியாது. டேர்மினலை உருவி எறிந்துவிட்டு வந்து அவரை இறக்கினேன். கார்ப்பெட் கருகியிருந்தது. அவருக்குச் சாரன் மட்டும் பொசுங்கியிருந்தது.

வரம்பில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். 15 எரிந்ததையும் சொன்னேன்.

“எரியிறத்துக்குத்தானேடா அத வெச்சிரிக்கி. எரிய உடாம ஏன் பெரிசாப் போட்டாய்?” என்றார். அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை. வீட்டிலும் யாரிடமும் சொல்லவில்லை. உம்மாவுக்கு இன்றுவரை தெரியாது. இந்த இதழ் வீட்டுக்கு வந்தால் தெரிந்துவிடும்.

பிறகு வேலையை முழுசாக அவிழ்த்துச் செய்தேன். கருகிய வயர் ரயிலுக்கடியில் நசுங்கி, சூட்டில் உறை இளகி, இரும்பில் ஒட்டிக் கிடந்தது. 4 சதுர மில்லிமீற்றர் வயரை நேரே பெட்டரியிலிருந்து எடுத்தேன். பெட்டரிக்கு ஒரு சாண் தூரத்திலேயே பியூஸ். தூரத்தில் வைத்தால் இடைப்பட்ட வயருக்குக் காவலில்லை. தகட்டைத் துளைத்த இடத்தில் ரப்பர் வளையம், சீட் நகரும் இடமெல்லாம் சுருள் குழாய், எர்த்துக்குப் பெயின்ற் சுரண்டிய வெறும் இரும்பு. இப்போதும் 30 அம்பியர்தான். ஆனால் வயர் அதைத் தாங்கும்.

வாப்பாவிடம் ஏறச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. அவர் ஏறினார். இப்போது ஒவ்வொரு ஜும்ஆவுக்கும் அதில்தான் போகிறார். சீட் பின்னுக்குப் போகும்போது கடைசிக்கு இரண்டு விரற்கடை இருக்கையிலேயே கையை எடுத்துவிட்டு, “முட்ட உடல்ல மகன்” என்கிறார்.