வெள்ளியும் வெள்ளமும்
மெக்சிக்கோவின் மலைநகர் ஒன்றில் மழைக்காலம்

மெக்சிக்கோ என்ற பெயரைக் கேட்டதும் பாலைநிலமும் கள்ளிச்செடிகளும் அகன்ற தொப்பியணிந்த குதிரை வீரருமே நம்மிற் பலரின் மனக்கண்முன் தோன்றுவர். திரைப்படங்கள் எழுதிவிட்ட சித்திரம் அது. அந்நாட்டின் நடுப்பகுதியோ கடல் மட்டத்துக்கு ஆறாயிரம், ஏழாயிரம் அடி உயர்ந்த மேட்டுநிலம். ஆனி பிறந்ததும் அங்கே மழை தொடங்கும். புரட்டாசி வரை நீடிக்கும். வெயிலில் வெந்து பழுப்பேறிக் கிடந்த குன்றுகள் சில வாரங்களுள் பச்சை போர்த்துக்கொள்ளும். "மழைக்காலத்தில் மலைநகருக்கா?" என்று நண்பர் சிலர் தடுத்தும் நாம் சென்றோம். குவானஹுவாத்தோ என்னும் நகரை மழையிலேதான் காணவேண்டும் என்பது இன்று நம் துணிபு. அதன் செல்வமும் துன்பமும், வீதிகள் அமைந்த விதமுங்கூட மழையோடு பிணைந்தவை.

தவளைகளின் மலை

தலைநகராகிய மெக்சிக்கோ நகரிலிருந்து வடமேற்கே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் பஸ்ஸிற் செல்லவேண்டும். சோளவயல்கள் நிறைந்த சமவெளியைக் கடந்து வண்டி குன்றுகளுக்கிடையே நுழைகிறது. ஒடுங்கிய பள்ளத்தாக்கு ஒன்றின் இருமருங்கிலும் சிவப்பு, மஞ்சள், நீலம், ஊதா என நிறந்தீட்டிய வீடுகள், நவராத்திரிக் கொலுப்படிகளில் அடுக்கிய பொம்மைகள்போல் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நிற்கின்றன. நகரின் உயரம் ஏறத்தாழ 2,000 மீற்றர்.

சமனிலமான நேர்வீதியை இங்கே காண்பது அரிது. வீடுகளுக்கிடையே படிக்கட்டுகளாக ஏறியிறங்கும் சந்துகளே பெரும்பாலும் பாதைகள். அவற்றுள் ஒன்றுக்கு 'முத்தச் சந்து' என்று பெயர். எதிரெதிர் வீடுகளின் மாடிமுகப்புகள் கைநீட்டினால் எட்டுமளவு நெருங்கியிருத்தலால், காதலர் இருவரைப் பற்றிய கதையொன்றும் அதற்கு வாய்த்துவிட்டது. ஓவியர் தியேகோ றிவேரா 1886இற் பிறந்த வீடு இந்நகரில் இருக்கிறது. இன்று அது ஓர் அரும்பொருளகம்.

நகரின் பெயர் ஸ்பானியச் சொல்லன்று. அப்பகுதிக் குடிகளின் பூரெபெச்சா மொழியில் அதற்குத் 'தவளைகளின் மலை' என்று பொருள் கூறுவர். நகரின் நுழைவாயிலருகே கல்லிற் செதுக்கிய தவளைகள் பயணிகளை வரவேற்கின்றன. தவளை கத்தினால் மழை வரும் என்று கேட்டு வளர்ந்த நமக்கு அப்பெயர் பொருத்தமாகவே பட்டது.

மழையின் ஒழுங்கு

இம்மழைக்கு ஓர் ஒழுங்குண்டு. நாள் முழுவதும் நசநசவென்று தூறும் வழக்கம் அதற்குப் பெரும்பாலும் இல்லை. காலையில் வானம் கழுவித் துடைத்த கண்ணாடிபோல் இருக்கும். நண்பகலுக்குப்பின் குன்றுகளின் முதுகில் முகில் திரளும். மூன்று, நான்கு மணியளவில் இடிமுழக்கத்துடன் மழை கொட்டும். சந்துகளின் படிக்கட்டுகள் சிறு அருவிகளாகிவிடும். பெரும்பாலும் ஒன்றிரண்டு மணி நேரந்தான். பின்னர் நட்சத்திரங்கள் தெரியும். ஆகவே நகரமாந்தர் காலையில் அலுவல்களை முடித்து, பிற்பகலில் ஏதேனும் கூரையின்கீழ் ஒதுங்கி, இரவில் மீண்டும் உலாவப் புறப்படுகிறார்கள். அவ்வேளையில் பழங்கால உடை தரித்த பல்கலைக்கழக மாணவர் குழுக்கள் இசைக்கருவிகளுடன் சந்துகள்தோறும் பாடிச் செல்லும்.

மழைக்கு ஒதுங்க நமக்கு வாய்த்த இடங்களிற் சிறந்தது இதால்கோ சந்தை. 1910இல் திறக்கப்பட்ட அது இரும்பும் கண்ணாடியுமாக வளைந்த கூரையுடையது. பார்ப்பவர் புகையிரத நிலையம் என்றே எண்ணுவர். மழைக்காலத்து விளைபொருள்கள் அங்கே குவிந்திருந்தன: முள் நீக்கிய நாகதாளி மடல்கள், பச்சையும் சிவப்புமான நாகதாளிப் பழங்கள், இளஞ்சோளக் கதிர்கள். மிளகாய் வகைகளை எண்ணத் தொடங்கி இடையிலே விட்டுவிட்டோம். நம் அடுக்களையில் நீங்கா இடம்பெற்ற மிளகாய்க்கு இந்த மெக்சிக்கோ மண்ணே தாயகம்; போர்த்துக்கேயரின் கப்பல்களிலேதான் அது நம் பக்கத்துக்கு வந்தது. சுரங்கத் தொழிலாளரின் பெயரால் வழங்கும் ஓர் உணவை வரவழைத்தோம். மிளகாய்ச் சாற்றில் தோய்த்துப் பொரித்த சோளரொட்டியினுள் பாற்கட்டி வைத்து, மேலே உருளைக்கிழங்கும் கரட்டும் பரப்பித் தந்தார்கள். மரக்கறி உண்போருக்கு அது நிறைவான உணவு.

நகரின் நடுவேயுள்ள சிறு பூங்காவிலும் ஒதுங்கலாம். மரங்களைச் சுற்றிவரக் கத்தரித்து ஒரே பச்சைக் கூரையாக்கியிருக்கிறார்கள். அம்மரங்களை அங்கே 'இந்திய லோரல்' என்கின்றனர். இலையை அண்மையிற் பார்த்தபோது தெரிந்த முகமாயிருந்தது. ஆலும் அரசும் சேர்ந்த இனத்தைச் சார்ந்த ஆசிய மரம் அது. நம் இலங்கையிலும் வளர்வது. பூங்காவின் எதிரே பெரிய தூண்களோடு நிற்பது 1903இல் திறக்கப்பட்ட குவாரெஸ் நாடக மண்டபம்.

வெள்ளி

இத்துணை அழகிய நகரை இத்துணை இடுக்கான பள்ளத்தில் ஏன் கட்டினார்கள்? விடை மலையின் வயிற்றினுள் இருக்கிறது. 16ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஸ்பானியர் இங்கே வெள்ளி கண்டனர். 18ஆம் நூற்றாண்டில் வெள்ளி எடுப்பதில் உலகின் முதன்மையான இடமாக இது விளங்கியது. 'நரகத்தின் வாய்' எனப்படும் சுரங்கக் கிணறு 600 மீற்றர் ஆழமுடையது. செர்மானிய அறிஞர் அலெக்சாந்தர் பொன் அம்போல்ற் 1803ஆம் ஆண்டு இங்கு வந்து இச்சுரங்கங்களை ஆராய்ந்தார்.

நகருக்கு மேலே வலென்சியானா சுரங்கத்தின் அருகில், 1788இல் நிறைவெய்திய சான் கயெத்தானோ ஆலயம் நிற்கிறது. உள்ளே மூன்று பீடங்களும் மரத்தில் நுணுக்கமாகச் செதுக்கிப் பொன்முலாம் பூசப்பெற்றவை. வெளியே மழை இருட்டியிருந்தபோது உள்ளே அப்பொன் தானாகவே ஒளிர்வதுபோற் காணப்பட்டது. அயலில், பயணிகள் இறங்கிப் பார்ப்பதற்கென ஒரு பழஞ்சுரங்கத்தின் சிறு பகுதியை விட்டிருக்கிறார்கள். ஈரம் கசியும் படிகளில் வெறுங்கையுடன் ஏறிவரவே நமக்கு மூச்சு வாங்கியது. தோற்பைகளில் தாதுக்கல்லைச் சுமந்து நாள்தோறும் இத்தகைய படிகளில் ஏறியவர்களின் உழைப்பன்றோ மேலே பொன்னாக மின்னுகிறது?

கல்லிலிருந்து வெள்ளியைப் பிரித்த முறையையும் அறிதல் வேண்டும். தாதுவைக் கோவேறு கழுதைகள் இழுக்கும் செக்குகளில் அரைத்தனர். அம்மாவைக் கல்பாவிய முற்றத்திற் பரப்பி, உப்பும் செப்புச் சேர்க்கையும் பாதரசமும் கலந்து, கழுதைகளைவிட்டு மிதிப்பித்தனர். வெள்ளி பாதரசத்தோடு கூடும். பின்னர் நீர்விட்டுக் கழுவி, சூடேற்றிப் பாதரசத்தை நீக்குவர். 1550களில் மெக்சிக்கோவில் நடைமுறைக்கு வந்த இம்முறைக்கு நிறைந்த நீர் வேண்டும். ஆதலால் ஆலைகள் ஆற்றோரத்திலேயே அமைந்தன. கழுவிய கழிவுமண் முழுவதும் ஆற்றிலே விழுந்தது. சுரங்கத்துக்கு முட்டுக்கொடுக்கவும் உலைக்கு எரிக்கவும் குன்றுகளின் மரங்கள் வெட்டுண்டன. மரமற்ற குன்று மழைநீரைத் தாங்காது. மண் நிறைந்த ஆறு அதனைக் கொள்ளாது. வெள்ளி வெளியேறிய வழியாலேயே வெள்ளம் உட்புகுந்தது என்று சொல்லலாம்.

வெள்ளம்

1760இலும் 1780இலும் பெருவெள்ளங்கள் நகரை அழித்தன. உயர்ந்துகொண்டே போன ஆற்றுக்கு ஈடாக மக்கள் தங்கள் வீதிகளை உயர்த்தினர். பழைய கட்டடங்களை மண்ணிட்டு மூடி அவற்றின்மேலே புதியவற்றைக் கட்டினர். சான் தியேகோ ஆலயத்தின் அருகே படியிறங்கிச் சென்றால், அவ்வாறு புதையுண்ட பழைய துறவிமடத்தின் அறைகளை நிலத்துக்குக் கீழே காணலாம். மேலே பூங்காவில் இசை முழங்க, கீழே ஒரு பழைய நகரம் மௌனமாக இருக்கிறது.

எல்லாவற்றிலும் கொடியது 1905ஆம் ஆண்டு யூலை முதலாந் திகதி வந்த வெள்ளம். பள்ளத்தாக்கின் இருபுறக் குன்றுகளிலிருந்தும் ஒருங்கே பாய்ந்த நீர், வீடுகளையும் பாலங்களையும் வாரிச் சென்றது, பலர் மாண்டனர். நீர் எவ்வளவு உயரம் ஏறியது என்பதைக் குறிக்கும் தகடுகளை இன்றும் நகரச் சுவர்களிற் காணலாம். அவற்றுள் ஒன்றின் கீழே நாம் நின்றபோது அது நம் தலைக்கு மேலே இருந்தது.

இனி வீதியை உயர்த்திப் பயனில்லை என்று கண்டனர். பொன்சியானோ அகிலார் என்னும் பொறியியலாளரின் திட்டப்படி மலையைக் குடைந்து, வெள்ளநீரை நகருக்கு அப்பால் இட்டுச்செல்லும் கோஆகின் குகைவழியை வெட்டினர். 1908இல் அது நிறைவேறியது. மலைகுடையும் கலையை இந்நகரத்தார் வேறெங்கும் சென்று கற்கவேண்டியிருக்கவில்லை. வெள்ளிக்காகத் தலைமுறை தலைமுறையாகப் பழகிய தொழில், வெள்ளத்துக்கு வழிவிடவும் உதவிற்று.

ஆற்றுக்கு வேறு வழி அமைந்தபின் அதன் பழைய படுக்கை வறண்டு கிடந்தது. 1960களில் அதனையே மோட்டார் வீதியாக்கினர். நகரின் அடியில் நடந்து பார்த்தோம். தலைக்கு மேலே பழைய பாலங்களின் கல்வளைவுகள், அவற்றின்மேல் வீடுகள், எங்கோ ஓரிடத்தில் திறந்த வானமும் அதனூடே இறங்கும் மழைச்சாரலும். ஆறு ஓடிய தடத்திலே இன்று பஸ்களும் டாக்சிகளும் ஓடுகின்றன. மேலே வீதிகள் நடப்போருக்கு இனியனவாக இருப்பதற்கு இக்கீழ்வீதியே காரணம். 1988இல் உலக மரபுரிமைப் பட்டியலில் இந்நகர் சேர்க்கப்பட்டபோது இந்நிலக்கீழ் வீதிகளும் சிறப்பித்துக் கூறப்பட்டன.

வெள்ளக்குறித் தகட்டின் அருகே கடை வைத்திருந்த முதியவரிடம், ஆங்கிலம் அறிந்த மாணவர் ஒருவர் துணையுடன் உரையாடினோம். "மழை உங்களுக்கு அச்சந் தருகிறதா?" என்று வினவினோம். அவர் சிரித்தார். "ஐயா, யூனில் மழை வராவிட்டால் ஆலயத்துக்குப் போவோம். யூலையில் அது நிற்காவிட்டாலும் ஆலயத்துக்குத்தான் போவோம்" என்றார்.

வானம் பொய்த்தபோது

அவர் விடையின் முதற்பாதியை விளங்கிக்கொள்ள, நகரின் நடுவேயுள்ள பழைய தானியக் களஞ்சியத்துக்குச் செல்லவேண்டும். 1785, 1786ஆம் ஆண்டுகளில் இப்பிரதேசத்தைக் கொடும் பஞ்சம் வாட்டியது. அத்தகைய காலத்துக்குத் தானியம் சேமித்துவைக்க, 1798 முதல் 1809 வரை கோட்டைபோன்ற களஞ்சியமொன்றை எழுப்பினர். சில மாதங்களிலேயே அது போர்க்களமாயிற்று. 1810ஆம் ஆண்டு செப்ரெம்பர் 28ஆந் திகதி, பாதிரியார் மிகெல் இதால்கோ தலைமையிற் கிளர்ந்த மக்கள் படை, ஸ்பானியர் பதுங்கியிருந்த இக்களஞ்சியத்தைக் கைப்பற்றியது. 'பீப்பிலா' எனப்பட்ட சுரங்கத் தொழிலாளி, முதுகிலே கற்பலகையொன்றைக் கவசமாகக் கட்டிக்கொண்டு சென்று கதவுக்குத் தீயிட்டான் என்பர். அவன் சிலை இன்று குன்றின்மேல் தீவட்டி ஏந்தி நிற்கிறது. மறுவருடம் இதால்கோவும் தோழர் மூவரும் கொல்லப்பட்டனர். அந்நால்வர் தலைகளும் இக்களஞ்சியத்தின் நான்கு மூலைகளிலும் கூண்டுகளில் தொங்கவிடப்பட்டன. 1821இல் நாடு விடுதலையடையும்வரை அவை அங்கேயே இருந்தன. மாணவருக்கு வரலாறு கற்பிக்கும் நமக்கு, அம்மூலைகளை மழைநீர் நனைத்து வழிவதைப் பார்த்து நின்றவேளை எந்தப் பாடநூலும் தராத பாடமாயிற்று.

அணை திறப்பு விழா

நகரின் மேற்பகுதியில் ஒயா அணை இருக்கிறது. 1741இல் தொடங்கி 1749இல் முடித்த இவ்வணையே நெடுங்காலம் நகருக்குக் குடிநீர் தந்தது. ஆண்டுதோறும் யூலை மாதத்து முதலாந் திங்கட்கிழமை இதன் மதகைத் திறப்பது வழக்கம். தேங்கிநின்ற பழைய நீரை வெளியேற்றி, ஆற்றுப்படுக்கையைக் கழுவி, புதுமழைக்கு இடம்விடுதலே அதன் நோக்கம். இன்று அது பெருவிழாவாகிவிட்டது.

நற்காலமாக அந்நாளில் நாம் அங்கிருந்தோம். கரையெங்கும் குடும்பங்கள் கூடியிருந்தன. பாண்டு வாத்தியம் முழங்கியது. அவித்த சோளமும் வறுகடலையும் விற்போர் குரல் எழுப்பினர். மதகு திறந்ததும் கலங்கிய நீர் நுரைத்துப் பாய, கூட்டம் ஆரவாரித்தது. தந்தையர் பிள்ளைகளைத் தோளில் ஏற்றிக் காட்டினர். எந்த நீர் முன்னோரின் வீடுகளை வாரிச் சென்றதோ, அந்த நீரையே இம்மக்கள் வாத்தியத்துடன் வழியனுப்புகின்றனர். இழப்பை மறந்ததனால் அன்று. சுவரிலே தகடு பதித்தவர்களும் இவர்களே. நீர் வரும் என்பதை ஏற்று, அதற்கு நாமே முறையாக வழிவிட வேண்டும் என்று கற்றுக்கொண்ட மக்களின் விழா அது. அன்று பிற்பகலும் மூன்றரை மணிக்கு மழை தவறாமல் வந்தது. எவரும் ஓடவில்லை, குடைகள் மட்டும் விரிந்தன.

செல்ல விரும்புவோருக்குச் சில சொற்கள். வழுக்காத பாதணியும் குடையும் மெல்லிய கம்பளியும் போதும். உயரம் மிகுதியாதலால் முதலிரு நாள் மெதுவாக நடத்தல் நன்று. ஒக்டோபரில், 1972இல் தொடங்கிய பெருங்கலைவிழாவுக்கு உலகெங்குமிருந்து மக்கள் திரள்வர். விடுதிகளில் இடம் கிடைப்பது அரிது. யூலையிலோ நகரம் தன் மக்களுக்கே உரியதாயிருக்கும். காலையில் குன்றேறிப் பாருங்கள். பிற்பகலில் ஒரு கூரையின்கீழ் அமர்ந்து மழையைக் கேளுங்கள். அந்தியில் கீழ்வீதியில் ஒருமுறை நடவுங்கள். அது ஆறு விட்டுக்கொடுத்த வழி என்பதை மட்டும் மறவாதீர்கள்.