புல்வெட்டியும் நானும்

உத்தமபாளையத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில் சிறிதளவு புல்தரை உண்டு. தென்மேற்குப் பருவக்காற்று மலையைத் தாண்டிவந்து சாரலைத் தூவத் தொடங்கிவிட்டால், இரண்டே வாரங்களில் அது காடாகிவிடும். விடுமுறையில் வந்த என் மகன், பெட்ரோலில் ஓடும் புல்வெட்டும் இயந்திரம் ஒன்றை வாங்கி வைத்துவிட்டு மீண்டும் துபாய்க்குப் பறந்துவிட்டான். அதை ஓட்டும் பொறுப்பு அடுத்த தெருப் பையன் ஒருவனிடம் இருந்தது. தந்தையை இழந்தவன், கல்லூரியில் படிப்பவன். சனிக்கிழமைதோறும் எங்கள் தோட்டத்தில் கிடைக்கும் கூலியில்தான் அவனுடைய பஸ் செலவு நடந்துவந்தது.

ஒரு சனிக்கிழமை காலை அவன் கயிற்றை இழுத்ததும், இயந்திரம் துப்பாக்கி சுட்டாற்போல் வெடித்தது. காற்று வடிகட்டியின் பக்கமிருந்து புகை சீறியது. திண்ணையில் விளையாடிக்கொண்டிருந்த என் பேத்தி அலறிக்கொண்டு உள்ளே ஓடினாள்.

முந்தின வாரம் பெட்ரோல் வாங்க அவனிடம்தான் பணம் கொடுத்திருந்தேன். "பாதியை விற்றுவிட்டு மண்ணெண்ணெயைக் கலந்தாயா?" என்று கேட்டேன்.

"இல்லை பெரியத்தா" என்றான். நான் நம்பவில்லை. இங்கே எழுதத் தகாத ஒரு சொல்லையும் சொன்னேன். கொட்டகைச் சாவியைத் திண்ணையில் வைத்துவிட்டுப் போனவன், பிறகு வரவில்லை.

தொட்டியிலிருந்த பெட்ரோலை ஒரு கண்ணாடிப் புட்டியில் ஊற்றி இரவு முழுதும் வைத்துப் பார்த்தேன். இப்போதைய பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. 20 விழுக்காடு என்னும் அளவை நம் நாடு 2025-இல் எட்டியது. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும். மாதக்கணக்கில் தொட்டியிலேயே கிடந்தால் நீரோடு பிரிந்து அடியில் தங்கிவிடும். என் புட்டியில் அப்படி எதுவும் தங்கவில்லை. ஒரு துளியைத் தாளில் விட்டேன், கறையின்றிக் காய்ந்தது. மண்ணெண்ணெயாயிருந்தால் எண்ணெய்ப்பசை நின்றிருக்கும். அப்போதே நான் அந்தப் பையனின் வீட்டிற்குப் போயிருக்க வேண்டும். ஆனால், தான் சொன்னதைக் காப்பாற்ற மனிதமனம் எத்தனை வழிகளைத் தேடுகிறது! கார்புரேட்டருக்குள் பழைய கலப்படம் இருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினேன். துளையில் தூசி அடைத்து, பெட்ரோல் குறைந்து காற்று மிகுந்தாலும் இத்தகைய வெடி வரும் என்பார்கள். புதிய பெட்ரோல், புதிய பிளக், எல்லாம் மாற்றினேன். கயிற்றை இழுத்தேன். மறுபடியும் வெடி! அத்தோடு கயிறு என் கையைப் பின்னுக்குச் சுண்டி இழுத்தது. இரண்டு விரல்கள் வீங்கிவிட்டன.

கம்பத்தில் பட்டறை வைத்திருக்கும் முதியவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். வீங்கிய விரலைப் பார்த்தவர், பெட்ரோலைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. "கத்தி எதிலாவது மோதிச்சா?" என்றார்.

இல்லை என்று சொல்ல வாயெடுத்தவன், நிறுத்தினேன். அந்தச் சனிக்கிழமைக்கு இரண்டு நாள் முன்பு, நானே ஓட்டிப் பார்க்கும் ஆசையில் இயந்திரத்தை எடுத்திருந்தேன். புல்லுக்குள் மறைந்துகிடந்த கொய்யாக் கட்டையில் கத்தி 'ணங்'கென்று மோதி, இயந்திரம் நின்றுபோனது. யாரிடமும் சொல்லாமல் கொட்டகையில் கொண்டுபோய் நிறுத்திவிட்டேன்.

அவர் மேல்மூடியைக் கழற்றி, கனத்த சக்கரத்தைப் புல்லர் போட்டு எடுத்தார். அந்தச் சக்கரத்தில் காந்தம் பதித்திருக்கிறது. அது பக்கத்திலுள்ள சுருளைக் கடக்கும் கணத்தில்தான் பிளக்கில் தீப்பொறி பிறக்கும். பிஸ்டன் மேலேறி முடிக்கச் சற்று முன்னால் பொறி வரவேண்டும். சக்கரம் தண்டில் சரியான இடத்தில் நிற்கும்படி, பட்டறையில் 'கீ' என்று சொல்லும் சிறு உலோகத் துண்டைச் செருகியிருக்கிறார்கள். கத்தி கட்டையில் மோதித் தண்டு சட்டென்று நின்றபோது, கனத்த சக்கரம் மட்டும் வேகம் அடங்காமல் சற்றுத் திரும்பிவிட்டது. மெல்லிய அந்தத் துண்டு பாதியாய் அறுபட்டு, படிக்கட்டுப் போல் விலகி நின்றது. பொறியின் வேளை அதனால் பிசகிப்போயிற்று.

"இரும்பிலேயே ஒன்று செய்து போட்டால் அறாதே?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். "இது மெதுவா இருக்கிறதாலதான் தண்டும் சக்கரமும் தப்பிச்சது" என்றார். புதிய துண்டைப் போட்டுச் சக்கரத்தை முறுக்கியதும், இரண்டாவது இழுப்பில் இயந்திரம் சீராக ஓடியது.

அன்று மக்ரிபுக்குப் பின் பையனின் வீட்டிற்குப் போனேன். அவன் தாய் வாசலில் நின்றார். உள்ளே வரச் சொல்லவில்லை. "எம்பிள்ளை மூணு வாரமா பாதி வழி நடந்துதான் காலேஜ் போறான்" என்றார். குற்றம் என்னுடையது என்பதையும், அது எப்படி நேர்ந்தது என்பதையும் ஒளிக்காமல் சொன்னேன். பையன் கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டுக்கொண்டிருந்தான். மூன்று வாரக் கூலியை நீட்டினேன். தாய் வாங்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை அவன் வந்தான். இயந்திரத்தின் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. "கடப்பாறை எங்கே பெரியத்தா?" என்று கேட்டு வாங்கிக்கொண்டு போய், நண்பகல் வரை அந்தக் கொய்யாக் கட்டையைத் தோண்டிக்கொண்டிருந்தான்.