பேசக்கூடாத சீட்டாட்டம்

பிள்ளைகள் ஐந்தாறு மேசைகளைச் சுற்றி உட்கார்ந்ததும் மேசைக்கு ஒரு சீட்டுக்கட்டும் ஒரு விதித்தாளும் கொடுப்பேன். ஐந்து நிமிடம் படித்து, ஆடிப் பழகலாம். பிறகு விதித்தாளை வாங்கிக்கொள்வேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசக்கூடாது, எழுதியும் காட்டக்கூடாது. சைகை செய்யலாம், படம் வரையலாம். சுற்று முடிந்ததும் ஜெயித்தவர் ஒரு மேசை மேலே போவார், தோற்றவர் ஒரு மேசை கீழே இறங்குவார். அவர்களிடம் சொல்லாத ஒன்று உண்டு: ஒவ்வொரு மேசையின் விதியும் கொஞ்சம் வேறு. ஒரு மேசையில் 1தான் எல்லாவற்றுக்கும் பெரிய சீட்டு, அடுத்ததில் அதுவே கடைசி. இங்கே சிவப்பு துருப்பு, அங்கே பச்சை, இன்னோரிடத்தில் துருப்பே கிடையாது.

ஆட்டத்தின் பெயர் பார்ங்கா. உருவாக்கியவர் சென்னையிலிருந்து அமெரிக்கா போன தமிழர், சிவசைலம் தியாகராஜன். 1980இல் அவர் மேற்கு ஆப்பிரிக்காவில், லைபீரியாவின் க்பார்ங்கா நகரில் வேலையில் இருந்தார். கூட வேலை பார்த்தவர்களோடு யூக்கர் என்ற சீட்டாட்டம் ஆட உட்கார்ந்தபோது, சொல்லிக்கொடுத்த விதியை ஆளுக்கு ஒரு விதமாகப் புரிந்துகொண்டிருந்தார்கள். அந்தக் குழப்பத்தையே அவர் ஆட்டமாக்கினார். பல நாடுகளின் பயிற்சி வகுப்புகளில் ஆடப்படும் இதை நம் ஊர் ஆசிரியர்கள் அதிகம் அறியாமல் இருப்பது எனக்குப் பெரிய ஆதங்கம்.

இங்கேதான் இது அதிகம் தேவை. சென்னையின் தெற்கில், தாம்பரத்துக்கும் பெரும்பாக்கத்துக்கும் இடையில் எந்த வகுப்பறைக்குள் நுழைந்தாலும் அங்கே இருப்பவர்களில் பாதிப் பேர் எங்கிருந்தோ வந்தவர்கள்தான். தாம்பரம் சானடோரியத்தில் 1984இல் மெப்ஸ் ஏற்றுமதி வளாகம் வந்ததிலிருந்து தென்மாவட்டக் குடும்பங்கள் வேலை தேடி வந்துகொண்டே இருக்கின்றன. 2000ஆம் ஆண்டிலிருந்து நகருக்குள் குடிசைகளை இழந்தவர்களைக் கண்ணகி நகருக்குக் கொண்டுபோனார்கள். பிறகு செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். பழைய மகாபலிபுரம் சாலையின் கட்டடங்களை எழுப்பியவர்கள் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் தொழிலாளர்கள். கேளம்பாக்கத்தில் 2012 வாக்கில் வந்து சேர்ந்த ரோஹிங்கியா குடும்பங்கள் இருக்கின்றன. இப்படிப்பட்ட இடத்தில்தான் ‘வடக்கன்’ என்ற சொல் வசவாகிறது. ‘ஹவுசிங் போர்டு பசங்க’ என்று சொன்னால் அதற்குமேல் விளக்கம் தேவைப்படுவதில்லை. கண்ணகி நகர் முகவரியைச் சொன்னால் வேலை கிடைக்காது என்று வேறு முகவரி கொடுக்கும் இளைஞர்கள் இருக்கிறார்கள்.

புலம்பெயர்வைப் பற்றிய ஆட்டங்கள் வேறும் உண்டு. ஐ.நா. அகதிகள் ஆணையம் 1995இல் வெளியிட்ட ‘பாசேஜஸ்’ அவற்றில் முக்கியமானது. பிள்ளைகள் கற்பனைக் குடும்பங்களாகப் பிரிந்து, எதை எடுத்துக்கொண்டு ஓடுவது என்று முடிவெடுத்து, எல்லை கடந்து முகாம் சேரவேண்டும். வீடு இழப்பது எப்படியிருக்கும் என்று தெரியாத பிள்ளைகளுக்கு அது நல்ல ஆட்டம். என் வகுப்புகளில் அதை நடத்துவதில்லை. 2019 டிசம்பரில், படிப்பாண்டின் நடுவில், தீவுத்திடல் பக்கத்துச் சத்தியவாணிமுத்து நகரிலிருந்து பெரும்பாக்கத்துக்கு மாற்றப்பட்ட குடும்பத்துப் பிள்ளை எதிரே உட்கார்ந்திருக்கலாம். அந்தப் பிள்ளையிடம் போய், ‘வீட்டை இடிக்கிறார்கள், ஐந்து பொருளை எடுத்துக்கொள்’ என்று ஆடச்சொல்ல எனக்கு மனம் வராது. பக்கத்தில் இருப்பவருக்கு அது விளையாட்டு, இவருக்கு நினைவு. அடுத்தவர் துயரத்தை நடித்துப் பார்ப்பதால் பரிவு வரும் என்று நான் நம்பவில்லை. தனக்கே நேர்ந்த ஒரு சிறு திகைப்பிலிருந்துதான் அது கிளம்புகிறது. பார்ங்கா அந்தத் திகைப்பை எல்லாருக்கும் கொடுத்துவிடுகிறது.

சீட்டுக்கட்டை நானே செய்துகொள்கிறேன். பள்ளியில் சீட்டு என்றாலே பெற்றோருக்குச் சூதாட்டம்தான் நினைவுக்கு வரும். ஆகவே அட்டையை வெட்டி, நான்கு நிறத்தில் 1 முதல் 7 வரை, கட்டுக்கு 28 சீட்டு. ராஜா, ராணி இல்லாததால் தலைமையாசிரியர்களும் ஒப்புக்கொள்கிறார்கள்.

கவனித்துப் பார்க்கவேண்டிய நேரம் முதல் இடமாற்றத்துக்குப் பிறகான இரண்டு நிமிடம். ஜெயித்த தெம்போடு புது மேசைக்கு வந்த பையன் சிவப்பு 2ஐப் போட்டு வெட்டிவிட்டுச் சீட்டுகளை அள்ளக் கை நீட்டுவான். எதிரே இருப்பவளும் கை நீட்டியிருப்பாள். இருவரும் ஒருவரையொருவர் பார்ப்பார்கள். அவன் சிவப்பைத் தட்டிக் காட்டுவான், அவள் தலையாட்டி மறுப்பாள். சிலர் மேசையில் குத்துவார்கள். சிலர் சிரித்துக்கொண்டே விட்டுக்கொடுத்து, அதற்குமேல் எதையும் கேட்காமல் சும்மா சீட்டு போட்டுக்கொண்டிருப்பார்கள். எனக்கு அதிகக் கவலை தருவது இந்த இரண்டாவது வகை. அமைதியாக இருக்கிறார்கள், பிரச்சினையில்லை என்று ஆசிரியர்கள் நினைத்துவிடுகிறார்கள்.

மூல ஆட்டத்தில் எல்லா மேசையும் சமம். வாழ்க்கையில் அப்படியில்லை. அதனால் ஒரு மாற்றம் செய்திருக்கிறேன்: ஒரு மேசைக்காரர்கள் மட்டும் கடைசிவரை இடம் மாறமாட்டார்கள். வந்துபோகிறவர்களுக்கு அங்கே இரண்டு நாற்காலி கூடுதலாகப் போட்டிருப்பேன். முடிந்ததும் அந்த மேசையைக் கேட்டால் கிட்டத்தட்ட ஒரே பதில்தான் வரும்: “நாங்க கரெக்டாத்தான் ஆடினோம் சார். வந்தவங்களுக்குத்தான் ஆடத் தெரியல.” வந்தவர்களைக் கேட்டால், “அவங்க ஏமாத்துறாங்கன்னு நெனச்சேன்” என்பார்கள். விதியே வேறு என்று மேசை மாறியவர்களில் சிலராவது ஊகித்துவிடுகிறார்கள். நகராதவர்கள் ஊகிப்பது மிக அரிது. தங்களுடையதும் ஒரு விதிதான் என்பதே அவர்களுக்குத் தோன்றுவதில்லை.

ஆட்டத்துக்கு அரைமணி போதும், பேச்சுக்கு ஒரு மணி வேண்டும். தியாகராஜன் அதற்கு ஆறு கேள்விகளை வரிசைப்படுத்தியிருக்கிறார்: எப்படி இருந்தது, என்ன நடந்தது, என்ன தெரிந்துகொண்டீர்கள், வெளியே இது எதோடு ஒத்துப்போகிறது, இப்படி இருந்திருந்தால் என்னவாகியிருக்கும், இனி என்ன செய்வீர்கள். இந்த வரிசையை நான் மாற்றுவதேயில்லை. கோபம் வடிவதற்குள் பாடம் கேட்டால் மனப்பாடமாக, “எல்லாரையும் சமமா நடத்தணும்” என்று வந்துவிடும். நான்காவது கேள்வியில் யாரையும் பார்த்துக் கேட்பதில்லை. ‘நீ பீகார்தானே, நீ சொல்லு’ என்று ஒரு பிள்ளையைக் காட்சிப்பொருளாக்குவது கொடுமை. காத்திருந்தால் எங்கிருந்தாவது வரும். பள்ளி மாறி வந்த மாணவி, வருகைப்பதிவுக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் விழித்த கதையைச் சொல்வாள். சிவகங்கைப் பேச்சைக் கேட்டுச் சிரித்தார்கள் என்று ஒருவன் சொல்வான். அதன்பிறகுதான் இந்தி பேசும் பையன் தன் அப்பா வேலை செய்யும் கட்டட வேலையிடத்தில் நடப்பதைச் சொல்வான்.

இந்த ஆட்டம் கூலியையோ வாடகையையோ சொல்லித்தராது. 2020 மார்ச் ஊரடங்கில் வேலையும் ரயிலும் இல்லாமல் நின்றவர்களின் பசியையும் தராது. அதையெல்லாம் கதையாகவும் கணக்காகவும் தனியே பேசித்தான் ஆகவேண்டும்.

அடுத்த வாரம் தாயக்கட்டம். இதற்கு நான் எதையும் மறைத்து வைக்கவேண்டியதில்லை, வீட்டுக்கு வீடு விதி ஏற்கெனவே வேறு. 1, 5, 6, 12 விழுந்தால் மறுபடி உருட்டலாம் என்பதில் பெரும்பாலும் சண்டையில்லை. ஒரு காயாவது வெட்டாமல் உள்கட்டத்துக்குள் போகலாமா என்பதில் ரகளையே நடக்கும். இந்த முறை பேசலாம், இந்தியிலும் பேசலாம். எல்லாரும் சேர்ந்து ஒரு விதித்தாள் எழுதவேண்டும். நடுவில் ஒருவர் புதிதாக வந்து உட்கார்ந்தால் என்ன செய்வது என்றும் அதில் இருக்கவேண்டும்.

ஒருமுறை, புதியவரை அவருடைய முதல் ஆட்டத்தில் ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொள்ளலாம், வெட்டினாலும் கணக்கில்லை என்று ஒரு குழு எழுதியது. அது நல்ல மனசு என்றுதான் அவர்கள் நினைத்தார்கள். பெரும்பாக்கத்திலிருந்து வந்த ஒரு மாணவி எழுந்து, “அப்போ நான் வெட்டினாலும் எண்ண மாட்டீங்களா?” என்று கேட்டாள். அந்த விதியை அடித்துவிட்டு, புதியவருக்கு அவர் மொழி தெரிந்த ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து விதியைச் சொல்லவேண்டும், முதல் உருட்டிலிருந்தே கணக்கு என்று எழுதினார்கள். மொழி தெரிந்த ஒருவர் இல்லாவிட்டால் என்ன செய்வது என்று அடுத்த வாதம் தொடங்கியது. மணி அடித்தபோதும் அது முடிந்திருக்கவில்லை.